வலது இருபத்தேழு, இடது இருபத்தாறரை

மே 4

என் வீட்டுத் தச்சருக்கு,

ஆண்டவர் கிருபையால் கண், கை, இடுப்பு மூன்றும் இன்னும் தையல் மெஷினுக்கு முன்னால் ஒழுங்காக இருக்கின்றன. நீங்களும் நம் பிள்ளைகள் கடுகும் மூட்டையும் சுகம் என்று நானே நம்பிக்கொள்கிறேன். ஏழு வாரமாக ஒரு வரி எழுதாதவருடைய சுகத்தை வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

முந்தாநாள் வந்தது கடிதமா, தந்தியா? "எல்லோரும் சுகம். வேலை நெருக்கடி. செப்டம்பர் கடைசி ஞாயிறு சபையில் ஞாயிறு பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகள் இருவரும் மேடை ஏறுகிறார்கள். மழை இல்லை." அவ்வளவுதான்! பெற்ற பிள்ளைகள் மேடை ஏறுகிற செய்தியை வேலை நெருக்கடிக்கும் மழைக்கும் நடுவில் செருகி வைக்கிற மனுஷர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. வரிசையாகப் பதில் எழுதுங்கள். என்ன வேஷம்? பாட்டா, வசனமா? எத்தனை நிமிஷம்? மேடை எந்தப் பக்கம், நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள்? மூட்டை மேடையில் மூக்கை நோண்டாமல் இருக்க யார் பொறுப்பு? கடுகு யாரையாவது தள்ளிவிட்டு முன்னால் வந்தாளா, அவர்களே முன்னால் விட்டார்களா? (எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.)

முக்கியமானது: உடுப்பு நான் தைப்பேன். இந்தத் தூரத்துத் தையல் ஆலைக்கு வந்து பதினோரு மாதமாகக் காலர் மட்டும் தைக்கிறேன். நாளுக்கு முந்நூற்று இருபது காலர். உடம்பே இல்லாத கழுத்துகள்! ஒரு முழு உடுப்பைத் தொட்டுப் பார்க்கக் கை ஏங்குகிறது. ஓட்டல் மேசை விரிப்புக்கு வெட்டியதில் ஓரம் பிசகிய வெள்ளைத் துணி இருக்கிறது, எடுத்துக்கொள் என்று மேற்பார்வை அம்மா சொல்லிவிட்டார். பிள்ளைகளை அளந்து அனுப்புங்கள். தோள், மார்பு, கை நீளம், இடுப்பிலிருந்து கணுக்கால்.

உங்கள் இரும்பு அளவுநாடாவால் பிள்ளைகளின் வயிற்றைக் கீறிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பதிலுக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணியை எண்ணிக்கொண்டிருப்பவள்.

மே 20

அன்புள்ள தையல்காரிக்கு,

நாங்கள் சுகம். முன்பு நீ எழுதிய இடுப்பு வலிக்கு, உட்காரும் பலகையின் உயரத்தைப் பார். முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும்.

நீ கேட்டது ஏழு கேள்வி. பாட்டு மற்றவர்களுக்கு. கடுகுக்கு வசனமும் இல்லை. அவள் கையில் விளக்கோடு வாசலிலிருந்து நடுப்பாதை வழியாகத் தனியாக நடந்து வந்து, மேடை ஏறி, விளக்கை நடு மேசையில் வைக்க வேண்டும். அதுவரை மண்டபம் இருட்டாக இருக்கும். விளக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் விழா தொடங்கும். டீச்சர் பிப்ரவரியிலேயே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். யாரையும் தள்ளவில்லை.

மூட்டை ஏழு ஆடுகளில் ஒன்று. அவன் வசனம் "மே". வீட்டில் பயிற்சி அதிகம். காலையில் பல் விளக்கச் சொன்னாலும் அதுதான் பதில். மூக்குக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

மேடை நான் செய்தது. மூன்று படி. நல்ல மரம். நான் கதவோரம் நிற்பேன்.

அளவுகள் அங்குலத்தில். கடுகு: தோள் பதினொன்றரை, மார்பு இருபத்து நான்கு, கை வலது பதினேழு, இடது பதினேழு. இடுப்பிலிருந்து கணுக்கால் வலது இருபத்தேழு, இடது இருபத்தாறரை. மூட்டை: தோள் பத்து, மார்பு இருபத்து நான்கரை (ஆம், அக்காவைவிட அதிகம்), கை வலது பதின்மூன்று, இடது பதின்மூன்று, கால் வலது இருபத்தொன்று, இடது இருபத்தொன்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தச்சன்.

ஜூன் 6

என் தச்சருக்கு,

சுகம். உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு பழைய கட்டையை வைத்தேன், இடுப்பு வலி பாதி போய்விட்டது. அங்கே எல்லோரும் எப்படி?

கடுகு தனியாகவா! மண்டபம் முழுக்க இருட்டாக, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, என் பெண் மட்டும் விளக்கோடு! பதினாறு நாளாக இதை மறைத்து வைத்த தபால்காரரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. காலர் பிரிவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மேற்பார்வை அம்மாவுக்கு இரண்டு முறை சொன்னேன். "எனக்கு ஞாபகம் இருக்கு, போய் வேலையப் பாரு" என்றார். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? பெயர் வைத்தது யார்? நான்!

ஆனால் ஐயா, மனுஷருக்கு யாராவது இரண்டு காலையும் அளப்பார்களா? உங்கள் கடிதத்தை அறையில் வாசித்துக் காட்டினேன். பட்டன் பிரிவு அக்கா கட்டிலிலிருந்து உருண்டே விட்டாள். "உன் வீட்டுக்காரர் புள்ளைக்கு கவுன் கேக்கறாரா, புள்ளைய மேசைன்னு நெனச்சு அளந்திருக்காரா?" என்கிறாள். நாங்கள் வலது கால் ஒன்றை அளப்போம், இடதும் அதுதான். ஆடாமல் நிற்கிறதா என்று நாலு காலையும் அளப்பது உங்கள் தொழிலில்தான்.

அளந்ததும் அளந்தீர்கள், அரை அங்குலத்தை எங்கே தொலைத்தீர்கள்? சாய்ந்து நின்றாளா? சுவரோடு நிறுத்தி, செருப்பில்லாமல், மறுபடி அளந்து எழுதுங்கள். கவுனின் ஓரம் தரைக்கு நேராக விழ வேண்டும். காலர் தைக்கிறவள் என்றாலும் எனக்கும் ஒரு மானம் உண்டு.

இன்னொன்று. ஏப்ரலில் பள்ளி ஓட்டப்பந்தயம் நடந்திருக்குமே? டிசம்பரில் நடந்ததைப் பற்றிக் கடுகு நாலு பக்கம் எழுதினாள். இந்த முறை ஒரு வரி இல்லை. தோற்றுவிட்டாளா? தோற்றால் அவள் ஐந்து பக்கமல்லவா எழுதுவாள்?

பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம். மூட்டை மூன்று கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அங்குலக்கணக்கில் சந்தேகம் வந்த உங்கள் மனைவி.

ஜூலை 1

அன்புள்ள தையல்காரிக்கு,

நாங்கள் சுகம். பட்டறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறுபது பெஞ்சு. அதனால் தாமதம்.

மறுபடி அளந்தேன். முதல் அளவு என் தவறு. வலது இருபத்தேழு, இடது இருபத்தேழு. அப்படியே வெட்டு.

மூட்டைக்கு முன்பல் விழுந்துவிட்டது. இப்போது "மே" என்றால் காற்றுதான் அதிகம் வருகிறது. டீச்சர் ஆடுகளில் அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளப் பார்த்தார். அவன் சம்மதிக்கவில்லை, நாலு காலில் நின்றபடியே அழுதிருக்கிறான். முன் வரிசையே கொடுத்துவிட்டார்கள்.

நீ கேட்பாய் என்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இருவரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள்.

உன் தச்சன்.

(உறைக்குள், நோட்டுத் தாளில் கிழித்த ஒரு துண்டு)

அம்மா, உறையை ஒட்டச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் இதை வைக்கிறேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்ன விஷயம் எதையும் நான் இதில் எழுதவில்லை. நான் சத்தியம் தவறவில்லை. கடுகு.

ஜூலை 17

என்னங்க,

நான் சுகமா என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

படத்தைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்தேன். மூட்டை நிற்கிறான். கடுகு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பெரிய மேசை விரிப்பு! படம் எடுக்கும்போது அவள் எப்போதாவது உட்கார்ந்ததுண்டா? தம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து விழுகிற நேரத்தில்தான் நம் வீட்டில் எல்லாப் படமும் எடுக்கப்பட்டிருக்கிறது.

இருபது வருடமாக நீங்கள் அரை அங்குலம் பிசகி நான் பார்த்ததில்லை. நம் வீட்டுக் கதவு எந்த மழையிலும் இறுகியதில்லை. அப்படிப்பட்ட கைக்கு, பெற்ற பெண்ணின் காலை அளக்கும்போது மட்டும் தவறு வருமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். அதுவும் என்னிடம்!

மற்ற எந்தக் கேள்விக்கும் பதில் வேண்டாம். ஆடு, மேடை, பெஞ்சு, மழை எதுவும் வேண்டாம். கடுகின் காலுக்கு என்ன? அவள் நடக்கிறாளா?

ஆகஸ்ட் 10

அன்புள்ள தையல்காரிக்கு,

கடுகு நடக்கிறாள். பள்ளிக்குப் போகிறாள். சாப்பிடுகிறாள். தம்பியை அடிக்கிறாள். விழாவில் அவள்தான் விளக்கு ஏந்துகிறாள். அதில் மாற்றமில்லை.

நீ இன்னும் ஒரு வருடம் அங்கே இருக்க வேண்டும். நடுவில் விட்டால் வந்த செலவைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நீதான் சொன்னாய். நீ கவலைப்பட்டு ஊசியில் கையை வைத்துக்கொள்ளாதே. வந்த பிறகு எல்லாம் பேசலாம்.

(இங்கே இரண்டு வரிகள் பென்சிலால் எழுதி, பேனா மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கின்றன.)

பிள்ளைகள் உன்னை விசாரிக்கிறார்கள்.

உன் தச்சன்.

ஆகஸ்ட் 27

என்னங்க,

உடம்பு பரவாயில்லை. கையில் ஊசி ஏறவில்லை. இன்னும் ஏறவில்லை.

நீங்கள் அடித்த வரிகளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து வெயிலில் பார்த்தேன். பார்க்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? மூன்று சொல் தெரிந்தது. "ஆணி." "பலகை." "என்னால்." அதற்கு மேல் மை விடவில்லை. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக நான் கட்டாத கதை இல்லை. நீங்கள் நேராக எழுதியிருந்தால் ஒரே ஒரு கதையைத்தான் தாங்கியிருப்பேன்.

இனி கேட்கப் போவதில்லை. தைத்துவிட்டேன்.

நீங்கள் முதலில் அனுப்பிய அளவில்தான் வெட்டினேன். வலது இருபத்தேழு, இடது இருபத்தாறரை. அளக்கும்போது கை பொய் சொல்லாது. பேனா எடுத்த பிறகுதான் உங்களுக்குப் புத்தி மாறியது. இடது பக்கம் அரை அங்குலம் ஏற்றி மடித்திருக்கிறேன். அவள் வெறுமனே நின்றால் ஓரம் தரைக்கு நேராக விழும். பார்க்கிறவர்கள் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும், அது நேராக இருந்தால் மற்றது எதுவும் தெரியாது. என் பெண்ணை அந்த மண்டபத்தில் ஒருவரும் பாவமாகப் பார்க்கக் கூடாது. இவ்வளவு தூரத்திலிருந்து என்னால் செய்ய முடிந்தது இந்த அரை அங்குலம்தான்.

பட்டன் பிரிவு அக்காவுக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஊருக்கு வருகிறாள். பார்சலை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. இரண்டில் எது முந்தினாலும் சரி.

கடுகிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அம்மாவுக்குத் தெரியாது என்றே இருக்கட்டும்.

உங்கள் மனைவி.

செப்டம்பர் 18

அன்புள்ள தையல்காரிக்கு,

நாங்கள் சுகம். தபால்காரர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம், இன்றுதான் முடிந்தது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மலைபோல் கிடக்கும் தபால் மூட்டைகளில் எங்கேயோ இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லை, நீ எழுதவே இல்லையோ?

பார்சலை உன் பட்டன் பிரிவு அக்கா நம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். மூட்டையின் ஆட்டு உடுப்பைப் பிரித்த நிமிஷத்திலேயே அவன் போட்டுக்கொண்டான். வால் வைத்திருக்கிறாய் என்று எழுதவே இல்லையே! அதோடுதான் தூங்குகிறான். கடுகின் கவுனில் "விழா நாள் வரை தொடாதே, வெள்ளைத் துணி" என்று நீ குத்தியிருந்த சீட்டைப் பார்த்து, அவள் தாளைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டாள். நாளுக்கு நாலு முறை கதவைத் திறந்து தாளை முகர்ந்து பார்க்கிறாள். மெஷின் எண்ணெய் வாசம் வருகிறதாம். அம்மா வாசமாம்.

நானும் விழாவுக்காக ஒன்று செய்திருக்கிறேன். அது முடிந்ததும் எழுதுகிறேன்.

உன் தச்சன்.

செப்டம்பர் 29

தையல்காரிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். இந்த முறை அது முழு உண்மை.

உன் ஆகஸ்ட் கடிதம் இன்று காலைதான் கையில் கிடைத்தது. விழா நேற்றே முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அடித்தல் இருக்காது.

மார்ச் பத்தாம் தேதி மேடை வேலை பாதியில் இருந்தது. மூன்றாவது படியின் பலகையை அறுத்து அளந்து வைத்தேன். ஆணி தீர்ந்துவிட்டது. வாங்கக் கடைக்குப் போனேன். பள்ளி விட்டு வந்த கடுகு என்னைத் தேடி மண்டபத்துக்குள் ஓடி வந்து மேடையில் ஏறியிருக்கிறாள். பலகை புரண்டுவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஏழு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் டாக்டர் இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "அரை அங்குலம் கொறையுது. வளர்ற புள்ள, போகப் போகப் பாப்போம்" என்றார். காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

ஆணி அடிக்காத பலகையை விட்டு நகராதே என்று பட்டறையில் எல்லோரிடமும் கத்துகிறவன் நான். உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் கை நகரவில்லை. நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. உனக்குப் பயந்தேன்.

விளக்கை வேறு பிள்ளையிடம் கொடுக்கலாமா என்று டீச்சர் மே மாதம் வீட்டுக்கே வந்து கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அவளுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் கேட்டார். கடுகு, "வெளக்க கையிலதான டீச்சர் புடிக்கணும்? கை ரெண்டும் சரியாத்தான் இருக்கு" என்றாள். டீச்சர் விளக்கை அவளுக்கே விட்டுவிட்டார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இழுப்பு யாருக்கும் தெரியாமல் அவளை நடக்க வைக்கிறேன் என்று. லேசான மரத்தில் அரை அங்குலக் கட்டை இழைத்து, அவளுடைய இடது செருப்பின் அடியில் பொருத்தி, மேலே தோல் ஒட்டினேன். ஏழு கட்டை வீணாகி எட்டாவது சரியாக அமைந்தது. மூன்று வாரம் வீட்டுக் கூடத்தில் கையில் சொம்போடு நடக்க வைத்தேன். இழுப்பே தெரியவில்லை. நான் செய்த தப்பை நானே சரி செய்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் மண்டப வாசலுக்குப் பக்கத்து அறையில் கவுனைப் பிரித்து அவளுக்குப் போட்டுவிட்டேன். செருப்பை மாட்டினாள். எழுந்து நின்றாள். ஓரம் சாய்ந்திருந்தது. இடது பக்கம் அரை அங்குலம் மேலே.

அந்த அரை அங்குலத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்குத் தெரிந்துவிட்டது என்று. ஏழு மாதமாக நான் பூட்டி வைத்தது அந்தத் துணி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். டீச்சர் ஊசி தேட ஓடினார். நான் முழங்காலில் விழுந்து மடிப்பைப் பிரிக்கப் போனேன்.

கடுகு குனிந்து ஓரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியுமாப்பா?" என்றாள்.

"தெரியும் போலிருக்கு."

"நான் சொல்லல."

"நீ சொல்லலம்மா. நான்தான் அளந்து சொல்லியிருக்கேன்."

"அப்ப அம்மா என் காலுக்குத்தான தச்சிருக்காங்க? செருப்புக்கு இல்லையே" என்றாள். உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். வெறுங்காலோடு நின்றாள். உன் கவுன் ஓரம் தரைக்கு நூல் பிடித்ததுபோல் நேராக விழுந்தது. உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

விளக்கோடு உள்ளே போனாள். ஓரத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அது நடக்கவில்லை. ஓரத்தை யாரும் பார்க்கவில்லை. இருட்டில் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் ஒவ்வொரு முறை இடது காலை வைக்கும்போதும் விளக்கு தாழ்ந்து எழுந்தது. மண்டபத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா, "ஐயோ, அந்தப் புள்ள கால் என்னாச்சு?" என்றார். நான் ஏழு மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ அது. ஆனால் என் தலை குனியவில்லை. "என் பொண்ணுதாங்க" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

மேடைக்கு வந்துவிட்டாள். முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவது படிக்கு முன்னால் நின்றுவிட்டாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தப் படியில் அவள் கால் வைத்ததில்லை. ஒத்திகையில்கூடப் பக்கத்துக் கதவு வழியாகத்தான் ஏறினாள். நேற்று ஏன் நேரே போனாள் என்று எனக்குத் தெரியாது. பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது. அவள் இடது குதிகாலைத் தூக்கி அந்தப் பலகையை இரண்டு முறை தட்டினாள். டொக், டொக். நான் பட்டறையில் தட்டுவேனே, அதேபோல். தட்டிவிட்டு, கதவோரம் செருப்போடு நிற்கிற என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஏறிவிட்டாள்.

அவள் விளக்கை வைத்ததும் மூட்டை தன் வசனத்தை மறந்து, "வந்துட்டாடா எங்க அக்கா!" என்று கத்தினான். ஏழு ஆடுகளில் ஒன்று பேசியதும் மண்டபமே சிரித்துவிட்டது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு செருப்பையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இருபது பேர் நடுவில், வெட்கமில்லாமல் அழுதேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதவும் எனக்குக் கூச்சமில்லை.

நீ திட்டுவதற்கு நான் தயார்.

உன் தச்சன்.

அக்டோபர் 15

என்னங்க,

நான் சுகம். நீங்கள் சுகம் என்பதை இந்த முறை நம்புகிறேன்.

திட்டு முதலில். ஏழு மாதம்! பெற்றவளுக்கு ஏழு மாதம்! அவள் மாவுக்கட்டோடு கிடந்தபோது நான் இங்கே உட்கார்ந்து "மழை இல்லையா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டிலில் அவள் யாரைக் கூப்பிட்டிருப்பாள்? அதை நினைத்தால் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கோபம் தீர நாளாகும். நான் வந்து இறங்கும்போது மிச்சம் இருந்தால் நேரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் யாருக்குத்தான் ஆணி தீர்ந்துபோகாது? அந்தப் பலகையை இனி நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டாம். அவளே தட்டிப் பார்த்துவிட்டாள்.

நானும் ஒன்று எழுதாமல் விட்டேன். ஜூலையில் உங்கள் படம் வந்த அன்றே அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு நின்றேன். முடியாது என்றார்கள். அழுது பார்த்தேன், அதற்கும் முடியாது. அதை எழுதினால் நீங்கள் துடிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். ஆக, இந்த வீட்டில் பொய்க்கு ஒருவர் மட்டும் சொந்தக்காரர் இல்லை.

நான் துணியால் மறைக்கப் பார்த்தேன், நீங்கள் மரத்தால் மறைக்கப் பார்த்தீர்கள். "உனக்கு எப்படி நடக்கணும்?" என்று அவளை ஒரு வார்த்தை கேட்டோமா?

உங்கள் கடிதத்தை மெஷினிலேயே வைத்துப் படித்தேன். மூன்றாவது படி வந்ததும் காலர் இரண்டைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். மேற்பார்வை அம்மா கத்திக்கொண்டு வந்தார். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தார். படித்துவிட்டு, அந்தக் காலரைத் தன் கையாலேயே பிரித்துக் கொடுத்தார். அன்று பிரிவு முழுக்க அவர்தான் கதை சொன்னார். இரண்டு முறை சொன்னார்!

இந்த முறை கேள்வி இல்லை. ஒரு வேலை மட்டும். மாதத்துக்கு ஒரு முறை இரண்டு காலையும் அளந்து எழுதுங்கள். என்ன வந்தாலும் அதையே எழுதுங்கள்.

அந்த மண்டபத்தில் இல்லாமலே எல்லாவற்றையும் பார்த்துவிட்ட உங்கள் மனைவி.

நவம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம், தம்பி சுகம், அப்பா சுகம். இனிமேல் அம்மாவுக்கு எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இப்போது பார்த்தால் எழுத ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

செருப்பு பள்ளிக்குப் போட்டுக்கொள்கிறேன். கால் வலிக்காமல் இருக்கிறது. கவுன் போடும்போது போட மாட்டேன். அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். தம்பி வாலைக் கழற்ற மறுக்கிறான். அடுத்த வருடமும் விளக்கு எனக்குத்தான் என்று டீச்சர் சொன்னார். நீங்கள் அதற்குள் வந்துவிடுவீர்கள். முன் வரிசையில் உட்காருங்கள், ஆனால் அப்பா மாதிரி சத்தமாக அழக்கூடாது.

நேற்று அப்பா அளந்தார். நாடாவை நானும் பிடித்தேன். வலது இருபத்தேழரை, இடது இருபத்தேழு. இரண்டு முறை அளந்தோம், இரண்டு முறையும் அதேதான் வந்தது. நான் வளர்ந்திருக்கிறேன்.

ஜூலையில் இடது இருபத்தேழு என்று அப்பா உங்களுக்குப் பொய் எழுதினார் இல்லையா? அது இப்போது உண்மையாகிவிட்டது, அம்மா.

இப்படிக்கு,
உங்கள் கடுகு.